நூற்று நாற்பத்தொரு வண்டிகள்

மனு மொத்தம் ஐந்தே வரிதான்.

"ஐயா, என் வீட்டில் நூற்று நாற்பத்தொரு வண்டிகள் ஆறு மாதமாக நிற்பதாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நானும் வெளியே வந்து பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை. ஓர் ஆளும் இல்லை. யாராவது வந்து பார்த்தால் நல்லது. இப்படிக்கு, சு. ஆறுமுகநயினார், கூனம்பொத்தை."

சாலைப் பங்கீட்டு வாரியத்தின் மதுரைக் கிளையில் முறையீட்டு அலுவலராக இருக்கிறேன். மனு எழுதுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பத்தியில் அரசியல் சாசனம், இரண்டாம் பத்தியில் அமைச்சரின் மைத்துனர், மூன்றாம் பத்தியில் என் குடும்பத்துக்குச் சாபம். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டு ஒருவரும் எழுதியதில்லை. நாங்களும் யாரையும் போய்ப் பார்த்ததில்லை. எல்லாம் திரையிலேயே முடிந்துவிடும்.

அந்தத் தாளை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அலுவலக வண்டிக்கு எழுதிப் போட்டால் இரண்டு வாரம் ஆகும். அதனால் சொந்த வண்டி. அது பழைய ஹைபிரிட். பெட்ரோல் போட்டால் அதற்கொரு வரி, மின்சாரத்தில் ஓடினால் கிலோமீட்டருக்கொரு வரி என்று இரண்டு பக்கமும் அழுகிற இனம் நான்.

போகிற வழியிலேயே அந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சாலைகளின் நுழைவில் எல்லாம் ஒரு தூண் நட்டிருக்கிறோம். உள்ளே போகிற வண்டியை நிறுத்தி, யார் வீட்டுக்கு, என்ன காரியம் என்று தூண் கேட்கும். வெளியே வரும்போது "கிளம்பியாச்சு" என்று நம் வாயால் சொல்ல வேண்டும். சொல்கிறவரை அந்த வண்டி அந்தச் சாலையில் இருப்பதாகவே பதிவு நிற்கும். அன்றாடப் பங்கும் ஓடிக்கொண்டிருக்கும். மனிதர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, வண்டியைப் பின்தொடர்ந்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. குடிமக்கள் எங்கே போகிறார்கள் என்று அரசு மோப்பம் பிடிக்கக் கூடாது என நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தூண் இன்னொரு தூணோடு பேசக்கூடக் கூடாது. நாம் சொல்வதுதான் அதற்குத் தெரியும்.

பணகுடி தாண்டிப் பிரதான சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் கூனம்பொத்தைச் சாலையின் தூண் நின்றது. அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"யார் வீட்டுக்கு?" என்றது தூண்.

"ஆறுமுகநயினார் வீட்டுக்கு."

"துக்கமா, அலுவலா, சொந்தமா?"

அலுவல் என்றால் படிவ எண் கேட்கும். சொந்தம் என்றேன்.

பதினொரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உடைமரம், செம்மண், காற்று. வழி நெடுகக் கான்கிரீட் வட்டங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீடு கட்டுகிற அகலம். முன்பு காற்றாலைகள் நின்ற இடங்கள் அவை. காற்றாலைகளை எல்லாம் கடலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வழியில் இரண்டு ஊர்களைக் கடந்தேன். வீடுகள் இருந்தன, கதவுகள் இல்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை. பதினொரு கிலோமீட்டரும் நான் ஒருத்திதான். தார் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. தேய்க்க ஆளில்லாத தார்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். எழுபது, எழுபத்திரண்டு வயதிருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று தினமும் சட்டை மாட்டிக்கொள்கிறவர் என்று தோன்றியது.

"வாங்க மேடம். எண்ணிப் பாத்துட்டியளா?"

"எதை?"

"வண்டியத்தான். நூத்தி நாப்பத்தொண்ணும் முத்தத்துலதான நிக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

காற்றாலை மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் இருந்தவர். இந்தச் சாலையின் முப்பத்தெட்டு காற்றாலைகளிலும் ஏறி இறங்கியவர். பிள்ளைகள் இல்லை. மனைவி சண்முகவடிவு ஆறு மாதம் முன்பு காலமானார். மஞ்சள் காமாலை, ஒன்பதே நாள். வீட்டுக்குப் பின்னால் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்திருந்தார். பக்கத்து வீடு என்பது ஏழு கிலோமீட்டரில் இருந்தது, அதுவும் பூட்டிக் கிடந்தது. அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் பறக்கும் பெட்டியில் வந்து இறங்கிவிடுகின்றன.

"சாமானுக்கு ஒரு கொறையும் இல்ல மேடம். நெனச்சா மத்தியானத்துக்குள்ள வந்துரும். ஆளுதான் பெட்டில வராது" என்றார்.

கொண்டுவந்த திரையைத் திறந்தேன். அவர் சாலையின் பதிவு வந்தது. அன்றன்று உள்ளே வருகிற வண்டி இரவுக்குப் பிறகுதான் அதில் ஏறும்; என் வண்டி இன்னும் ஏறவில்லை. பயன்படுத்துவோர்: நூற்று நாற்பத்திரண்டு. அவருடைய வண்டி போக மற்ற நூற்று நாற்பத்தொன்றும் ஒரே மூன்று நாட்களில் உள்ளே வந்தவை. காரியம்: துக்கம். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

"இதெல்லாம் உங்க வீட்டம்மா இறந்தப்போ வந்த வண்டிகள்."

"ஆமா. எங்க சொந்தம், அவ சொந்தம், காத்தாடி கம்பெனி ஆளுவ. அம்புட்டுப் பேரும் வந்தாவ. ரோட்டோரம் பூரா வண்டி. எனக்கே தெரியாது இம்புட்டுப் பேரு இருக்காவன்னு."

"போகும்போது தூண்கிட்ட யாருமே கிளம்பியாச்சுன்னு சொல்லல. ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பள்ளிக்கூடம் போகாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"சாவு வீட்டுக்கு வந்துட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லுவாவளா மேடம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த விதியை எழுதியவள் நான். துக்கத்துக்குப் போகிற பயணத்துக்குக் கட்டணம் கிடையாது என்ற சலுகையை வாரியத்தில் போராடி வாங்கியதும் நான்தான். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வைக்கப் போகிறவர்கள் ஒழிந்து, எல்லாரும் போனிலேயே வைக்கத் தொடங்கியிருந்த நேரம். சாவுக்காவது மனிதர் மனிதர் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். சலுகை வந்த முதல் மாதமே, அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து ஊர்களில் துக்கம் ஏகமாகப் பெருகிவிட்டது. குளித்துவிட்டு, கோழி சாப்பிட்டுவிட்டு, துக்கம் விசாரித்ததாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதைத் தடுக்க இன்னொரு வரி சேர்த்தேன். பதினாறாம் நாளுக்குள் கிளம்பியதாகச் சொல்லாத துக்கப் பயணத்தின் பங்கு, துக்க வீட்டையே சேரும். வீட்டுக்காரருக்குச் சுமை என்றால் சொந்தக்காரர்கள் ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அந்த வரியை எழுதியபோது கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? என் அம்மா இறந்தபோது, வந்தவர்களுக்குக் காபி போட அடுக்களைக்குப் போனேன். ஒன்பது தம்ளர் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஒருவரும் இல்லை. சொல்லாமல் எழுந்து போயிருந்தார்கள். அதுதான் முறை. தம்பி புனேக்கு அன்றைக்கே கிளம்பியிருந்தான். ஒன்பது காபியையும் தொட்டியில் ஊற்றினேன். எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து விதி எழுதியபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"இதுவரைக்கும் ஏன் வேற யாரும் மனு போடல?" என்று வாய்விட்டே கேட்டேன். சாலை வரி கேட்டுத் தாள் போன துக்க வீடுகள் எத்தனை இருக்கும்!

"துக்கத்துக்கு வந்தவன் செலவ எவன் மேடம் கேப்பான்? பேசாம கட்டிருப்பாவ. வித்துக் கட்டிருப்பாவ" என்றார். "நானும் கட்டத்தான் பாத்தேன். ஆனா அந்தத் தாளுல வண்டி இங்க நிக்குன்னு போட்டிருந்துச்சா, அது பொறுக்கல. நின்னா நல்லா இருக்குமே."

அந்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் சாலையைப் பட்டியலிலிருந்து நீக்குவோம் என்று நாங்கள் அனுப்பிய அறிவிப்பும் அதே தாளில் இருந்தது. பட்டியலில் இல்லாத சாலையில் எந்த வண்டியும் திரும்பாது. இன்றைய வண்டிகள் அப்படி. நாம் திருப்பினாலும் நின்றுவிடும். ஆம்புலன்ஸும் நின்றுவிடும்.

"வள்ளியூர்ப் பக்கம் ஒரு வீடு பாத்துக்கக் கூடாதா?"

"அவள இங்க வச்சிட்டா?" அவர் பின்பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே கையைக் காட்டினார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம். எங்க ஆளுவ நல்லதுக்கு வராட்டியும் சாவுக்கு வந்துருவாவ. அவளுக்கு வந்த மாதிரி எனக்கும் வருவாவ. நாலு பேரு தூக்கி அவ பக்கத்துல வைக்கணும். அதுக்கு ரோடு இருக்கணும். நான் சாகுத வரைக்கும் இந்த ரோடு இருந்தாப் போதும்."

இவ்வளவுதான் அவர் கேட்டது.  முகத்தைக் காட்டாமல் கடகடவென்று திரையைத் தட்டினேன்.

வழி இருந்தது. வீட்டுக்குடையவர் ஒவ்வொரு வண்டியாகப் போய்விட்டது என்று வாய்மொழி கொடுத்தால் அலுவலர் மூடலாம். அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். வண்டிக்கு வண்டி தனியாகச் சொல்ல வேண்டும், மொத்தமாகச் சொன்னால் செல்லாது. அது எதற்கென்று இப்போது எனக்கே விளங்கவில்லை.

"நான் பேரைப் படிக்கிறேன். நீங்க போயாச்சுன்னு சொல்லணும்."

"நூத்தி நாப்பத்தொண்ணுமா?"

"ஆமா."

"சரி. முதல்ல சாப்பிட்டுருவோம். சோறும் புளிக்குழம்பும் இருக்கு."

சாப்பிடும்போது அவர்தான் கேட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே.

"உங்க சட்டம் நியாயந்தானா மேடம்? கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கிடக் கேக்கேன்."

சொன்னேன். பெட்ரோல் இருந்த காலத்தில் சாலை வரி பெட்ரோலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது, கட்டுவது தெரியாமலே கட்டினோம். மின்சார வண்டிகள் வந்தன, பெட்ரோல் போயிற்று, வரியும் கூடவே போயிற்று. சாலையோ தேய்ந்துகொண்டுதான் இருந்தது. முதலில் வருடத்துக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே வரி போட்டார்கள். மாதம் ஒரு முறை கோயிலுக்குப் போகிற ஸ்கூட்டரும் நாள் முழுக்க ஓடுகிற வண்டியும் ஒன்றா என்று கேள்வி வந்தது. கிலோமீட்டருக்கு என்று மாற்றினார்கள். பாட்டரி கனமான வண்டிதானே சாலையை அதிகம் தேய்க்கிறது என்றார்கள். எடையைச் சேர்த்தார்கள். ஹைபிரிட்காரர்கள் நாங்கள் இரண்டு முறை கட்டுகிறோம் என்று ஊர்வலம் போனார்கள். கடைசியில், எந்தச் சாலையை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களே அதன் செலவைப் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. இதைவிட நியாயம் கிடையாது என்று எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டது. நானும் கை தட்டினேன்.

"ஓஹோ" என்றார். அப்பளத்தை ஒடித்து என் தட்டில் பாதி வைத்தார். "நாலு பேரு இருக்க ரோட்டுல ரெண்டு பேரு போனா மிச்ச ரெண்டு பேருக்கு இரட்டிப்பு. அதத் தாங்காம ஒருத்தன் போவான். அப்படித்தான் இந்த வரிசையே காலியாச்சு. கணக்கு ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருந்துச்சு. ஆளுதான் இல்ல."

அந்தப் பாதி அப்பளத்தைக் கடித்தேன்.

"இன்னொண்ணு கேக்கணும். உங்க மதுரையில ஓடுத வண்டிக்குக் கரண்டு எங்கருந்து வந்துச்சு? முப்பது வருசம் எங்க காத்தாடிலருந்துதான போச்சு? ராத்திரி பகல்னு இந்த ரோட்டுல ஓடி நான் கிரீஸ் போட்டேன், அங்க நீங்க வண்டி ஓட்டுனிய. அப்ப இந்த ரோட்ட நீங்களுந்தான பயன்படுத்திருக்கிய? உங்க பங்கு எங்க மேடம்?"

இருபத்தாறு வருட சர்வீஸில் எனக்குப் பதில் தெரியாத மனுவே வந்ததில்லை. இந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அதுவும் பொய். உப்பு அதிகம்.

பிறகு பட்டியலை எடுத்தோம். நான் படித்தேன், அவர் சொன்னார்.

"நாங்குநேரி, சிதம்பரத்தாண்டு."

"அவ தாய்மாமன் மவன். மாலைய தலகீழாப் போட்டுட்டு அழுதான். போயாச்சு."

"ஏர்வாடி, முகைதீன்."

"என்கூடக் காத்தாடில ஏறுனவன். மூட்டு வலி. அந்த மூட்ட வச்சிக்கிட்டு எம்புட்டுத் தூரம் வந்தான் பாருங்க. போயாச்சு."

"களக்காடு, செண்பகக்குற்றாலம்."

"அவ தங்கச்சி. எங்கிட்டப் பேசி இருவது வருசம் ஆச்சு. அன்னைக்கும் பேசல. ஆனா அடுக்களைல புகுந்து எல்லாருக்கும் அவதான் காப்பி போட்டா." அடுக்களைப் பக்கம் பார்த்தார். "போயாச்சு."

முதல் இருபது பேருக்கும் ஏதாவது சொன்னார். குரலில் தெம்பு ஏறிக்கொண்டே வந்தது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் யாரை முறைத்தார்கள், சங்கு ஊத வந்தவர் எப்படித் தூங்கிப்போனார், எல்லாம் வந்தது. அந்த முற்றம் நிறைந்துவிட்ட மாதிரி எனக்கே தோன்றியது. ஐம்பதுக்கு மேல் குரல் இறங்கியது. நூறைத் தாண்டியதும் வெறும் "போயாச்சு, போயாச்சு" என்று மட்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு வரி அணைந்தது. ஆறு மாதம் முன்பு சொல்லாமல் போனவர்களை எல்லாம் இப்போது நான் அவர் வாயாலேயே வழியனுப்பி வைத்துக்கொண்டிருந்தேன். செய்கிற காரியம் நல்ல காரியம்தானா என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

நூற்று முப்பத்தெட்டாவது பெயரும் அணைந்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. படிப்பதை நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, இருங்க."

எப்போது மேடம் போய் அண்ணாச்சி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"உங்க வீட்டம்மாவுக்கு வண்டி இருந்துதா?"

"ஸ்கூட்டர் இருந்துச்சு. அவ போனதும் பதிவ ரத்து பண்ணிட்டாவ. ஏன்?"

அவர் வண்டியும் மனைவியின் ஸ்கூட்டருமாக இரண்டு வண்டி. அதனால்தான் இத்தனை வருடமும் இந்தச் சாலை பிழைத்திருக்கிறது. ஒரே ஒருவர் பயன்படுத்தும் சாலை பொதுச் சாலை அல்ல என்பது விதி. முப்பது நாளில் பட்டியலிலிருந்து போய்விடும். கட்டணம் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே அல்ல. இரண்டு பேர் இருந்தால் பொதுச் சாலை, பெரும்பகுதிச் செலவை வாரியமே ஏற்கும். அவர் மனைவி போன முப்பதாம் நாளே இந்தச் சாலை போயிருக்க வேண்டும். போகாமல் தாங்கி நின்றது, சொல்லாமல் போன அந்த நூற்று நாற்பத்தொரு வண்டிகள்தான். அவற்றைத்தான் ஒவ்வொன்றாக நான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு விளங்கும்படி சொன்னேன். 

"இன்னும் மூணு வண்டிதான் மிச்சம். ஒண்ண விட்டுருவோம் அண்ணாச்சி. ஒரு வண்டியோட பங்கு பெருசா ஒண்ணும் வராது. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் படிக்காம விட்டுர்றேன்."

முறையீட்டு அலுவலர் மங்கையர்க்கரசி சொன்ன வார்த்தை இது. என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு மிச்சம்?"

படித்தேன். முதல் இரண்டுக்கும் போயாச்சு என்றார். கடைசி வண்டிக்கு ஆள் பெயர் இல்லை. வள்ளியூர் அமரர் ஊர்தி, எண் மூன்று.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அவள ஆஸ்பத்திரிலருந்து கொண்டாந்த வண்டி. அவள எறக்கி வச்சிட்டு வெரசாப் போயிட்டான் டிரைவரு. இன்னொரு எடத்துக்குப் போகணும்னான்."

"அத விட்டுருவோம்."

"இல்லம்மா. அந்த வண்டி இங்கயே நிக்குன்னு எழுதி வச்சிக்கிட்டு நான் எப்படி இந்த வீட்டுல இருக்க? தெனம் அது வாசல்ல நிக்க மாதிரில்லா இருக்கும்." தலையை ஆட்டினார். "போனவன இருக்கான்னு சொல்ல எனக்கு வராது. அது போயாச்சு. அவதான் இங்க இருக்கா. அத உங்க பெட்டில எழுத எடம் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பச் சரி. அணைச்சிருங்க."

அணைத்தேன். பயன்படுத்துவோர்: ஒருவர், அவர் மட்டும். கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று திரை பச்சை நிறத்தில் வாழ்த்துச் சொன்னது. கூடவே முப்பது நாள் எண்ணத் தொடங்கியது.

 காற்று அந்த ஊரில் நிற்பதே இல்லை. ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டே இருந்தது. என்னிடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பின்பக்கம் போய்ச் சண்முகவடிவை அடக்கம் செய்த இடத்தைப் பார்த்தேன். நான்கு செங்கல், ஒரு செம்பருத்திச் செடி. பக்கத்தில் ஆளகலத்துக்கு இடம் விட்டு வேலி கட்டியிருந்தார்.

திரும்பி வந்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ தேடுவதுபோல அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார். தேட ஒன்றும் இல்லை. துக்கம் கேட்க வந்தவள் சங்கடமில்லாமல் எழுந்து போக வசதி செய்து கொடுக்கிறார் என்று புரிந்தது. என்னை அலுவலராக அவர் நினைக்கவே இல்லை. ஆறு மாதம் தாமதமாக வந்த நூற்று நாற்பத்திரண்டாவது ஆள் நான். ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினேன்.

பதினொரு கிலோமீட்டரையும் மெதுவாகத்தான் ஓட்டினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூணில் நின்றேன்.

"கிளம்பியாச்சா?" என்றது.

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"கிளம்பியாச்சா?"

சொந்தக் காரியமாக வந்த வண்டி. கிளம்பியதாகச் சொல்கிறவரை அந்தச் சாலைக்கு நான் இரண்டாவது ஆள்; பங்கும் என்னைத்தான் சேரும், அவரை அல்ல. எத்தனை நாள் வரைக்கும் என்று வரம்பு வைக்க மறந்துவிட்டோம். விதி எழுதியவளுக்கு அதன் ஓட்டை தெரியாதா?

மூன்றாம் முறையும் கேட்டுவிட்டுத் தூண் சோர்ந்து விளக்கை அணைத்துக்கொண்டது. நான் மதுரைக்கு வந்துவிட்டேன்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். துக்கப் பயணத்துக்குக் கிளம்பியதாகச் சொல்ல வேண்டும் என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு வைத்தேன். அது இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. என் சம்பளத்திலிருந்து தினமும் கொஞ்சம் கூனம்பொத்தைச் சாலைக்குப் போகிறது. காபிக்கும் செய்தித்தாளுக்கும் ஆகிற செலவுதான். அந்தச் சாலையில் விளைந்த மின்சாரத்தில் இருபது வருடம் வண்டி ஓட்டியவள் கொடுத்தால் என்ன?

முப்பதாம் நாள் போயிற்று, சாலை நீங்கவில்லை. வாரியத்தின் சோம்பேறித்தனம் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருப்பார். நானும் சொல்லவில்லை.

என் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தினமும் பார்க்கிற திரையிலேயே இருக்கிறது. தம்பிக்குக் குடும்பப் பட்டியலில் தெரியும். அதன்படி நான் ஒரு நாள் காலையில் கூனம்பொத்தைக்குப் போனேன், போனவள் திரும்பவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம் ஆயிற்று. ஏன் திரும்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை. முதலில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பிறகு யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை நினைத்து அழுதேன்.

சாலைப் பயனாளர் பட்டியல் அரையாண்டுக்கு ஒரு முறை வீடுகளுக்குப் போகும். அது போன மறுநாள் முற்பகல் போன் வந்தது.

"உங்க வண்டி இங்கதான் நிக்குன்னு தாள் வந்திருக்கும்மா" என்றார் ஆறுமுகநயினார்.

"ஆமா அண்ணாச்சி."

"ஆறு மாசமாவா?"

"ஆமா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. போனவனை இருக்கிறான் என்று சொல்ல வராத மனிதர். இதையும் அணைக்கச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. வேண்டாம் என்று கெஞ்ச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"போறேன்னு நீங்க எங்கிட்டயும் சொல்லலையே" என்றார். "சரி, இருங்க."